"ஐந்நூறு பேக்லிங்க்" விற்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

சின்னதாக ஒரு தொழில், அதற்கென்று ஒரு வலைத்தளம் என்று நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த போன் உங்களுக்கும் வந்திருக்கும், இல்லையென்றால் வரும். "மேடம், உங்க சைட் கூகுள்ல மூணாவது பக்கத்துல கிடக்கு. பேக்லிங்க் இல்லாததுதான் காரணம். ஒரே மாசத்துல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடலாம்." (பேக்லிங்க் என்றால் வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் சுட்டி, அதாவது லிங்க்.)

என் அண்ணி பத்தமடைப் பாய் விற்கிறார். தாமிரபரணிக் கோரையில் நெய்கிற பெண்களிடம் நேரடியாக வாங்குகிறார். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு வெளியூரிலிருந்துதான் ஆர்டர் அதிகம், அதனால் தளம் தேடலில் தெரிய வேண்டியது அவருக்கு அவசியம். அந்த அவசியத்தைப் பிடித்துக்கொண்டு 18,000 ரூபாய் வாங்கினார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இதே பேச்சோடு இதே சரக்கை விற்பவர்கள் நிறையப் பேர். ஒரு பெயரை மட்டும் சொன்னால் மற்றவர்களை நல்லவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

பேக்கேஜ் இதுதான்: 500 பேக்லிங்க், எல்லாம் "டிஏ 50க்கு மேல்" (செல்வாக்கு மதிப்பெண் அதிகமுள்ள தளங்களாம்), எல்லாம் "டூஃபாலோ" (தேடுபொறி கணக்கில் எடுக்கும் சுட்டிகளாம்), முதல் பக்கம் கேரண்டி. மாதக் கடைசியில், சுட்டி போட்ட பக்கங்களின் முகவரிகளோடு ஓர் எக்செல் தாள் வந்தது. தேடலில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணி தாளை எனக்கு அனுப்பினார். நான் ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்த்தேன்.

எல்லாமே மற்றவர்களின் வலைப்பதிவுகளுக்குக் கீழே போட்ட பின்னூட்டங்கள். பெயர் கேட்கும் கட்டத்தில் மனிதப் பெயருக்குப் பதிலாக "பத்தமடைப் பாய் ஆன்லைனில் வாங்க" என்று ஆங்கிலத்தில் போட்டு, தளத்துக்குச் சுட்டி கொடுத்திருக்கிறார்கள். "மிக அருமையான பதிவு, தொடர்ந்து எழுதுங்கள்" என்ற ஒரே வரி எல்லா இடத்திலும். ரஷ்ய மொழித் தோட்டக்கலைப் பக்கம், அமெரிக்காவில் யாரோ ஒருவரின் கார் ரிப்பேர் குறிப்பு. இறந்துபோன அப்பாவைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்த அஞ்சலிப் பதிவுக்குக் கீழேயும் அதே "மிக அருமையான பதிவு", அதே பாய் விளம்பரம். அதைப் பார்த்ததும் அண்ணிக்குப் பணம் போன வருத்தமே பின்னால் போய்விட்டது. அவருடைய கடைப் பெயரில் அல்லவா அந்த அசிங்கம் நடந்திருக்கிறது! அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதினார், பின்னூட்டத்தை நீக்கவும் வேண்டிக்கொண்டார்.

அடுத்தது, நிறையப் பக்கங்களில் அந்தப் பின்னூட்டமே கண்ணில் படவில்லை. காரணம் தாளிலேயே இருந்தது. பல முகவரிகளின் வாலில் "அன்அப்ரூவ்டு" என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் பின்னே நீளமான எழுத்துக் குவியலும் இருந்தன. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் தளத்தில் பின்னூட்டம் போட்டவுடன், தளக்காரர் அனுமதிக்கும்வரை போட்டவருக்கு மட்டும் முன்னோட்டம் காட்டும் தற்காலிக முகவரி அது. அதாவது வெளியாகாத பின்னூட்டத்தையும் "கொடுத்துவிட்ட லிங்க்" என்று எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு தாள் உங்களிடம் இருந்தால் முதலில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

வெளியானவற்றின் நிலை என்ன? இங்கேதான் இந்த வியாபாரத்தின் அடிப்படைப் பொய் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் அதை ஒரு பரிந்துரையாகக் கணக்கில் எடுப்பதுதான் லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் முன்வைத்த பேஜ்ரேங்க் என்ற கூகுள் தரவரிசை முறையின் அடிப்படை. அது தெரிந்ததும், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பின்னூட்டப் பெட்டிகளில் விளம்பரச் சுட்டிகளைக் கொட்டத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் 2005 ஜனவரியில் கூகுள் "நோஃபாலோ" என்ற அடையாளத்தை அறிவித்தது. அன்றைய மற்றத் தேடுபொறிகளான யாஹூவும் எம்எஸ்என்னும் உடனே சேர்ந்துகொண்டன. சுட்டியின் நிரலில் "ரெல்" என்ற பண்பில் இந்த அடையாளம் இருந்தால், "இந்தச் சுட்டிக்கு நான் சாட்சி சொல்லவில்லை" என்று தளக்காரர் தேடுபொறிக்குச் சொல்வதாக அர்த்தம். வேர்ட்பிரஸ் அதே ஆண்டிலேயே எல்லாப் பின்னூட்டச் சுட்டிகளுக்கும் இதைத் தானாகப் போட ஆரம்பித்துவிட்டது. விக்கிப்பீடியா 2007இல் தன் வெளிச் சுட்டிகளுக்கு இதைப் போட்டது.

2019 செப்டம்பரில் கூகுள் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தது. காசு கொடுத்து வாங்கிய சுட்டிக்கு "ஸ்பான்சர்டு", வாசகர்கள் எழுதும் பகுதியில் வரும் சுட்டிக்கு "யூஜிசி". அந்த ஆண்டு இறுதியில் வந்த வேர்ட்பிரஸ் 5.3, பின்னூட்டங்களில் நோஃபாலோவோடு யூஜிசியையும் சேர்த்துவிட்டது. அண்ணிக்கு வந்த தாளில் உயிரோடு இருந்த வேர்ட்பிரஸ் பின்னூட்டங்கள் எல்லாவற்றிலும் இரண்டும் இருந்தன. "எல்லாம் டூஃபாலோ" என்று விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. நிரலில் டூஃபாலோ என்று ஓர் அடையாளமே கிடையாது. எந்த அடையாளமும் போடாத சாதாரணச் சுட்டியைத்தான் சந்தையில் அப்படிச் சொல்கிறார்கள்.

நீங்களே பார்த்துவிடலாம். கணினியில் அந்தப் பின்னூட்டத்தில் சுட்டி இருக்கும் பெயரின் மேல் வலது கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" கொடுங்கள். உங்கள் தள முகவரி இருக்கும் வரியிலேயே ஆர், ஈ, எல் என்ற மூன்றெழுத்தும் அதன் பக்கத்தில் இந்தச் சொற்களும் தெரியும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி கேட்டதும் அவர்களிடமிருந்து வந்த பதில்கள் உங்களுக்கும் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன். முதல் பதில்: "மேடம், 2020க்கு அப்புறம் நோஃபாலோவையும் கூகுள் எடுத்துக்குது." இதில் பாதி உண்மை. முன்பு நோஃபாலோ இருந்தால் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. 2019 அறிவிப்பிலிருந்து அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாகக் கூகுள் சொன்னது. பக்கத்தைத் தேடிச் சேகரிக்கும் வேலைக்கு அது 2020 மார்ச் 1 முதல் பொருந்தும் என்றது. ஆனால் எந்தச் சுட்டியை எடுக்கிறது, எதை விடுகிறது என்பது கூகுளின் முடிவு. அதைத் தன் கையில் இருக்கும் சரக்கு மாதிரி எண்ணி விற்பது மோசடிதான். அடுத்தவர் வீட்டுச் சுவரில் ராத்திரியில் போஸ்டர் ஒட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரரே நமக்குச் சிபாரிசு செய்தார் என்று காசு கேட்பது போல.

இரண்டாவது பதிலுக்கு ஒரு படத்தையும் அனுப்பினார்கள். தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் "லிங்க்ஸ்" பகுதியில் எண்ணிக்கை ஏறியிருந்தது. "பாருங்க, கூகுளே காட்டுது." காட்டும்தான். அந்தப் பட்டியலில் நோஃபாலோ சுட்டிகளும் சேர்ந்தே வரும், பிரித்துக் காட்டாது. அங்கே எண் ஏறுவதற்கும் தரவரிசை ஏறுவதற்கும் சம்பந்தமில்லை. "டிஏ"வும் அப்படியே. அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தானாக மதிப்பிடும் 1 முதல் 100 வரையான எண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

அப்படியானால் அடையாளமே இல்லாத சுட்டியாக வாங்கினால் நல்லதா என்று சிலர் கேட்பார்கள். அது இதைவிட ஆபத்து. கவனிக்க ஆளில்லாத பழைய தளங்களில் அப்படிச் சில பின்னூட்டப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. ஒரே சொற்றொடரை வைத்து நூற்றுக்கணக்கில் சுட்டி வந்து விழுவதைப் பிடிப்பதற்கென்றே கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அப்போது பல தளங்கள் தேடலில் காணாமலே போயின. 2016இல் வந்த நான்காவது பதிப்பிலிருந்து தளத்தைக் கீழே தள்ளுவதைவிட அந்தச் சுட்டிகளின் மதிப்பை அழிப்பதே பெரும்பாலும் நடக்கிறது. ஆனாலும் கூகுள் ஊழியர் நேரடியாகப் பார்த்து எடுக்கும் நடவடிக்கை இன்றும் உண்டு. சர்ச் கன்சோலில் "மேனுவல் ஆக்‌ஷன்ஸ்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். அண்ணியின் தளத்தில் அங்கே எதுவும் இல்லை. அதுவரை நிம்மதி.

இன்னொரு கெடுதலும் உண்டு. தளக்காரர்கள் இந்தக் குப்பையை ஸ்பேம் என்று குறிக்கும்போது, ஸ்பேம் பின்னூட்டங்களைப் பிடிக்கும் அகிஸ்மெட் போன்ற வடிகட்டிகள் அதிலிருந்து கற்றுக்கொள்கின்றன. நாளைக்கு அண்ணியே உண்மையாக எங்காவது கருத்து எழுதித் தன் தள முகவரியைக் கொடுத்தாலும் அது நேராகக் குப்பைக்குப் போகலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர்கள் செய்ததுதான் எனக்கு ஆத்திரம். "டாக்ஸிக் லிங்க் நிறைய ஆயிடுச்சு, டிஸவோ பண்ணணும், 6,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். தாங்கள் போட்ட குப்பையை அள்ளத் தனிக் கட்டணம்! டிஸவோ என்பது, குறிப்பிட்ட சுட்டிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்வதற்காக அதுவே 2012இல் இலவசமாகக் கொடுத்த கருவி. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது, தவறாகப் பயன்படுத்தினால் நல்ல சுட்டிகளும் போய்விடும். மேனுவல் ஆக்‌ஷன் அறிவிப்பு வராதவர்கள் இதற்காக யாருக்கும் காசு தராதீர்கள்.

"கேரண்டி" என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே போனை வைத்துவிடலாம். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதையும் மீறிப் பேச விரும்பினால் பணத்துக்கு முன்னால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்தெந்தத் தளங்களில் சுட்டி வரும், அதன் ரெல் பண்பில் என்ன இருக்கும், தளக்காரர் நீக்கிவிட்டால் என்ன செய்வார்கள். அண்ணியிடம் பேசியவர் பின்னாளில்கூட முதல் கேள்விக்கே பதில் சொல்லவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் எக்செல் தாள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். "அன்அப்ரூவ்டு" முகவரிகளையும் நோஃபாலோ தெரியும் நிரலையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், தளக்காரர்கள் நீக்கிவிட்டால் ஆதாரம் போய்விடும். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இவற்றைக் கொடுத்துத்தான் புகார் பதிந்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.