மாந்தோப்பில் மருந்தடிப்பவருக்கு எது: மரபணுப் பரிசோதனையா, கோலினெஸ்டெரேஸ் பரிசோதனையா?

கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி பக்கம் மா பூத்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பு தொடங்கிவிடும். ஒரே மருந்தை அடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் தலைவலியும் கிறுகிறுப்பும் ஏன் என்று கேட்பவர்கள்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார்கள்.

எதைச் சொல்லும்?
மரபணு: குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உடலுக்குள் மாறி உண்டாகும் நச்சை உடைப்பது, கல்லீரலில் உருவாகும் பான்1 நொதி. அந்த நொதியின் 192-ஆம் இடத்தில் மரபணுப்படி ‘ஆர்’, ‘கியூ’ என இரு வடிவம் உண்டு; ‘ஆர்’ உள்ளவருக்கு ‘கியூ’ வடிவத்தாரைவிட நச்சு வேகமாக உடையும். ஆனால் ஒரே வடிவம் உள்ளவர்களுக்குள்ளேயே நொதியின் அளவு மிகவும் வேறுபடும். அதனால் வடிவம் மட்டும் தெரிவது பாதி விடைதான்.
கோலினெஸ்டெரேஸ்: நரம்பு வேலைக்கு வேண்டிய இந்த நொதியை இரத்தத்தில் அளப்பது. பூச்சிமருந்து இதை முடக்கும்; அதனால் மருந்து இப்போது எவ்வளவு தாக்கியிருக்கிறது என்று காட்டும். ஆர்கனோபாஸ்பேட் (குளோர்பைரிபாஸ் இதில் சேரும்), கார்பமேட் என்ற பூச்சிமருந்து வகைகளுக்கு மட்டும்.

எத்தனை முறை?
மரபணு: ஆயுளுக்கு ஒன்று.
கோலினெஸ்டெரேஸ்: மருந்தைத் தொடுவதற்கு முன் ஒன்று, சீசன் நடுவில் மறுபடி. பிறவியிலேயே இந்த நொதியின் அளவு குறைந்தவர்கள் உண்டு. முதல் அளவு இல்லாவிட்டால் குழப்பம்தான். கலிபோர்னியாவில் முதல் அளவிலிருந்து 20 சதவீதம் இறங்கினாலே வேலைமுறையைச் சோதிக்கிறார்கள்.

செலவு?
மரபணு: கூடுதல்.
கோலினெஸ்டெரேஸ்: குறைவு.

மருந்தடிப்பவருக்கு நான் சொல்வது கோலினெஸ்டெரேஸ்தான். பரம்பரைக் காரணத்தை மருத்துவரோடு ஆராய விரும்பினால் மரபணு. ‘ஆர்’ என்று வந்ததை நம்பிக் கையுறையைக் கழற்றாதீர்கள். பிறந்த குழந்தைக்கு எந்த வடிவமானாலும் பான்1 குறைவு. மருந்துச் சட்டையோடு தூக்காதீர்கள்.