சுங்கை சிப்புட் வீட்டில் ஒரு ரா டெனிம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வாங்கிய ஒரு ரா டெனிம் ஜீன்ஸைப் பற்றிய அனுபவப் பகிர்வு இது. ஆலையில் துவைக்காமலும் வெளுக்காமலும் விற்கும் டெனிம்தான் ரா டெனிம். ஜப்பானின் ஒக்காயாமா வட்டாரத்திலுள்ள கோஜிமாவில் தைக்கப்பட்டது. சதுர கஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள துணி. நாடாத் தறியில் நெய்யப்பட்டதால் நூல் பிரியாத கரையோடு வந்தது. துவைத்தால் சுருங்காமல் இருக்க ஆலையிலேயே செய்யப்படும் சான்ஃபரைஸ் பதம் இதற்குச் செய்யப்படவில்லை. தைத்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி இந்த வகைத் துணி முழுமைக்கும் பொருந்தும். வேலை நேரத்துக்கு எனக்குச் சீருடை உண்டு. ஆகவே இந்த ஜீன்ஸ் மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் வீட்டு வேலைகளோடுதான் பழகியது. சமையல், மோட்டார் சைக்கிள் கழுவுதல், மாமாவின் சிறு ரப்பர் தோட்டத்தில் உதவி, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சுவருக்குச் சாயம் பூசுதல் என்று எல்லாவற்றிலும் இது என் உடலில் இருந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்களைப் போல் டெனிம் மீது பற்றுள்ளவர்கள் சிலர் இருக்கிறோம். கோலகங்சாரில் ஒருவர் தாதி, தைப்பிங்கில் ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஈப்போவில் ஒருவர் லாரி ஓட்டுநர், எங்கள் ஊரில் ஒருவர் செம்பனை ஆலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவோம். வந்தவர்கள் எல்லாரும் சமையலில் கைகொடுத்து, சாப்பிட்ட பிறகு அவரவர் ஜீன்ஸைக் காட்டி, எந்த இடம் வெளுத்திருக்கிறது, எது கிழியப் போகிறது, எதைத் தைக்க வேண்டும் என்று பேசுவோம். இங்கே எழுதுவதில் பாதி அந்தப் பேச்சில் தேறியது.

முதலில் துவைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் கருத்து வேறுபாடு அதிகம் உள்ள இடம் அதுதான். ரா டெனிமை ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் துவைக்காமல் உடுத்தினால்தான் தேய்மானத்தில் உண்டாகும் வெளுப்பு ஆழமாக விழும் என்பது உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடையே நிலவும் வழக்கம். இதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது 2011-இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஒரு சோதனை. ஒரு மாணவர் ஏறத்தாழ 15 மாதங்கள் துவைக்காமல் உடுத்திய ஜீன்ஸில் இருந்த பாக்டீரியா அளவையும், அதையே துவைத்து 13 நாள் உடுத்திய பின் இருந்த அளவையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகம் உள்ள எட்மன்டனின் குளிரில், வறண்ட காற்றில் நடந்தது. பிற்பகலில் வெயில் 33 பாகையைத் தொட்டு, மாலையில் இடியோடு மழை கொட்டி, இரவு முழுதும் காற்றில் ஈரம் நிற்கும் எங்கள் ஊரில், வேர்த்து நனைந்த பருத்தியை அப்படியே அலமாரியில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் நாற்றத்தோடு நிற்பதில்லை. பருத்தியின் இழையையே அரித்துத் துணியை நைய வைக்கும். எங்கள் குழுவில் நெடுநாள் துவைக்காமல் வைத்திருந்தவர்களின் ஜீன்ஸ்தான் கவட்டில் முதலில் கிழிந்தது என்பதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். வெளுப்பின் ஆழம் சற்றுக் குறைந்தாலும் சரி, இந்தத் தட்பவெப்பத்தில் மாதம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

துவைக்கும் முறை எளிது. பித்தான்களை எல்லாம் மாட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாளியில் பச்சைத் தண்ணீரும் வெளுப்பான் கலக்காத திரவ சோப்பும் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, கையால் அமுக்கி அலசுகிறேன். முறுக்கிப் பிழிவதில்லை, பிழிந்தால் அந்த மடிப்பிலேயே வெள்ளைக் கோடுகள் விழுந்துவிடும், அவற்றை எந்த வழியிலும் போக்க முடியாது. துவைப்பதைக் காட்டிலும் உலர்த்துவதுதான் பாடு. மழைக் காலத்தில் இந்தத் துணி ஒரு பகல் ஓர் இரவு தாண்டியும் இடுப்புப் பட்டையிலும் பைகளிலும் ஈரமாகவே இருக்கும். நீர் சொட்டச் சொட்ட அதை முதன்முதலில் தூக்கி வந்தபோது, "ஐயா, இந்தக் கனத்துக்கு நைலான் கொடி தாங்காது, கம்பி கட்டு," என்று அம்மா சொன்னார். பின்கட்டுக் கூரையின் கீழ் துருப்பிடிக்காத கம்பி கட்டி, கால்பக்கம் மேலே இருக்குமாறு மாட்டி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைக்கிறோம். நேர் வெயிலில் காயப் போட்டால் நீலம் சீராக இல்லாமல் மங்கும் என்பதால் நிழல்தான்.

வீட்டில் விழும் கறைகளில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்லலாம். ஒன்று மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சள் குழம்பு தெறித்தால் பச்சையாகத் தெரியும்; சோப்பு போட்டாலும் முழுதாகப் போகாது. ஆனால் மஞ்சளின் நிறமி வெயிலுக்குத் தாங்காது. துவைத்த பின் கறையுள்ள இடம் மட்டும் வெளியே தெரியுமாறு மற்றப் பகுதியைத் துண்டால் மூடி, காலை வெயிலில் சிறிது நேரம் காட்டினால் பச்சை மறைந்துவிடும். மற்றொன்று ரப்பர் பால். அம்மா பல வருடம் பால் மரம் வெட்டியவர். பால் தெறித்தவுடன், அது உறைவதற்கு முன், வெறும் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும், காய்ந்த பின் எந்த சோப்பும் உதவாது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் வலது முழங்காலுக்கு மேலே இருக்கும் புள்ளி, மாமாவின் தோட்டத்தில் மழைக்கு ஓடி ஒதுங்கிய நாளில் காய்ந்துபோனது. மேலே படிந்த ரப்பர் பிறகு சவ்வாக உரிந்து வந்துவிட்டது. ஆனால் இழைகளுக்குள் இறங்கியது பழுப்புப் புள்ளியாக நின்றுவிட்டது. அந்தப் புள்ளியில் மட்டும் தேய்மானம் இல்லை. சுற்றிலும் துணி வெளுத்திருக்க, அங்கே கருநீலம் அப்படியே இருக்கிறது.

சாயம் ஒட்டுவதைப் பற்றி வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைக் கயிறுபோல் திரித்து, இண்டிகோத் தொட்டியில் முக்கி எடுத்து, காற்றில் காட்டி, மீண்டும் மீண்டும் முக்குவார்கள். நிறம் நூலின் புறத்தில்தான் படியும், நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். வெளுப்பு உண்டாவதற்கும், தொட்ட இடமெல்லாம் நீலம் ஒட்டுவதற்கும் இதுவே காரணம். முதல் சில மாதங்களுக்கு வெளிர்நிற சோபாவின் மேல் பழைய பாத்தேக் கைலியை விரித்துத்தான் உட்கார்ந்தேன். சுவரில் சாய்வதையும், குழந்தையை வெள்ளைச் சட்டையோடு மடியில் வைப்பதையும் தவிர்த்தேன். வெளிர்நிறத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பது இன்றுவரை கிடையாது. மரச் சாமான்களுக்கு வேறொரு கவலை உண்டு. தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் வணிகர் லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் காப்புரிமை பெற்ற செப்பு ரிவெட், அதாவது துணியில் அறையும் சிறு உலோகக் குமிழ், பையின் மூலையைக் கிழியாமல் காக்கிறது. ஆனால் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டதால், லீவைஸ் நிறுவனம் 1937-இல் பின்பை ரிவெட்டுகளைத் துணிக்குள் மறைத்தது. என் ஜீன்ஸிலும் அந்த மறைந்த ரிவெட்தான். இப்போது மேல்துணி தேய்ந்து, செம்பின் முகம் வெளியே எட்டிப் பார்ப்பதால், மெருகு போட்ட நாற்காலியில் மெத்தை இல்லாமல் உட்காருவதில்லை.

வெளுப்பில்தான் இந்தத் துணி தன் மதிப்பைக் காட்டுகிறது. விற்பனைப் படங்களில் காணும் தொடைக் கோடுகளும் முழங்காலின் பின்புறத் தேன்கூட்டு வெளுப்பும் நாற்காலியில் உட்கார்ந்து நடந்து பழகியவர்களுடையவை. நாங்கள் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், குந்தி உட்கார்ந்து காய் நறுக்குகிறோம். அதனால் எங்கள் எல்லாருடைய ஜீன்ஸிலும் கணுக்காலின் வெளிப்புறத்தில், தரையில் படும் இடத்தில், நீள்வட்டமாக ஓர் வெளுப்பு இருக்கிறது. முழங்காலின் பக்கவாட்டிலும் அதே. தாதியாக இருக்கும் நண்பருடையதை நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். அவர் நாள்தோறும் தம் தந்தையைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்துகிறார். நாற்காலியின் விளிம்பு நகராமல் இடது தொடையை அழுத்தி முட்டுக் கொடுப்பதால், அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் படுக்கை வாட்டில் வெள்ளைப் பட்டை விழுந்திருக்கிறது. ஆலையில் வெளுத்து விற்கும் ஜீன்ஸில் அப்படி ஒரு பட்டையை எவராலும் வரைய முடியாது. இந்தத் துணிக்கு நான் ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன் என்று கேட்பவர்களிடம் அதைத்தான் காட்ட விரும்புவேன்.

குறைகளும் உள்ளன. காலின் அடிமடிப்பு சங்கிலித் தையலில் போடப்பட்டிருந்தது. ஓரிடத்தில் நூல் அறுந்ததும் ஒரு கால் முழுவதும் சரசரவென்று பிரிந்துவிட்டது. பருத்தி நூலால் தைத்திருந்ததால் வியர்வையில் அது துணிக்கு முன்பே இற்றுப்போனது. பழமையைப் போற்றுபவர்கள் பருத்தி நூலை விரும்பலாம், ஆனால் இந்த ஊரில் அன்றாடம் உடுத்துவதற்கு உள்ளே பாலியெஸ்டர் உள்ள நூலையே நான் பரிந்துரைப்பேன். கவட்டுப் பகுதி மூன்றாம் ஆண்டில் கண்ணாடிபோல் மெலிந்தது. பட்டணத்து அஞ்சடியில் (கடை வரிசையின் முன் நடைபாதையில்) தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்கா, உள்ளே மெல்லிய துணி வைத்து, நீல நூலால் பாவு ஓடும் திசையிலேயே முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டிக் கொடுத்தார். "ஓட்டை விழறதுக்கு முன்னாடியே கொண்டாந்தீங்க தம்பி, அதான் தெரியாம தைக்க முடிஞ்சது," என்றார். உண்மைதான், மெலியும்போதே தைப்பதற்கும் கிழிந்த பின் தைப்பதற்கும் நீடிப்பில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

விலை ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). நான் வாங்கிய அதே ஆண்டு மே மாதத்தில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது என்பதோடு வைத்துப் பார்த்தால், இது எல்லாரும் வாங்க வேண்டிய பொருள் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் புதிதாக வாங்கியதே இல்லை. ஜப்பானிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் பண்டல் கடைகளில், கால் மடிப்பைத் திருப்பி, உள்பக்கத் தையலில் கரை தெரிகிறதா என்று பார்த்து எடுத்தவை அவர்களுடையவை. லாரி ஓட்டும் நண்பர் அப்படி எடுத்தது நூறு வெள்ளிக்கும் கீழே. துணியின் தரத்தில் என்னுடையதற்குக் குறைந்ததல்ல. சுருங்கும் தொல்லையும் அதில் முடிந்துபோயிருக்கும், அளவு எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

புதிதாக வாங்குபவர்கள் சான்ஃபரைஸ் செய்யாத துணியைத் தேர்ந்தால் அளவில் கவனம் வைக்க வேண்டும். என்னுடையது முதல் முறை வெந்நீரில் ஊற வைத்தபோது கால் நீளம் 36 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்கு வந்தது. இடுப்பும் ஓர் அங்குலத்துக்கு மேல் இறுகி, உடுத்த உடுத்தப் பெரும்பகுதி தளர்ந்தது. ஆனால் நீளம் திரும்பி வராது. ஆகவே கால் நீளத்தை முதல் துவைப்புக்குப் பின்பே வெட்டித் தைக்க வேண்டும். வீட்டில் குந்தியும் சம்மணமிட்டும் உட்காருபவர்கள் தொடை அகலமான வெட்டையே எடுப்பது நல்லது. ஒட்டிய வெட்டு கவட்டில் விரைவில் கிழிகிறது. அடுத்து வாங்கினால் 12 அவுன்ஸ் துணியையே தேடுவேன். நவம்பர் மழையில் ஒரே நாளில் உலரும் என்று ஏற்கெனவே வைத்திருக்கும் தைப்பிங் ஆசிரியர் சொல்கிறார். எங்கள் ஊரைவிட மழை மிகுந்த தைப்பிங்கில் உலர்வது சுங்கை சிப்புட்டில் கட்டாயம் உலரும்.