அலர்ட் எங்கே தங்கிவிடுகிறது? அமெரிக்கக் கல்லூரி வளாக எச்சரிக்கைச் செய்திகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வளாகத்தில் ஏதோ நடந்து, அலர்ட் தாமதமாக வந்தால் முதல் பழி எஸ்எம்எஸ் சேவையின் மேல் விழும். இந்த அமைப்புகளைப் பல செமஸ்டர் இயக்கியவர்கள் வேறு இடத்தைக் காட்டுவார்கள். செய்தி கிளம்பிய பின் வீணாகும் நேரத்தைவிட, கிளம்பும் முன் வீணாகும் நேரமே பெரும்பாலும் அதிகம்.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக். விடுதியில் முதல் துப்பாக்கிச்சூடு காலை 7.15 வாக்கில். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. நாரிஸ் ஹாலில் சூடு தொடங்கியது 9.40 வாக்கில். அன்று மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். வளாகப் போலீசிடம் தாங்களே செய்தி அனுப்பும் வசதி இல்லை. நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்த பிறகே மடல் போனது. அதன் பிறகு 2008இல், வளாகக் குற்ற விவரங்களைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று சொல்லும் கிளெரி சட்டம் திருத்தப்பட்டது: ஆபத்து உறுதியானதும் உடனே அறிவிக்க வேண்டும், அமைப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். 2023 பிப்ரவரி 13இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சூடு தொடங்கியது இரவு 8.18க்கு, முதல் அலர்ட் வந்தது ஏறக்குறைய 12 நிமிடம் கழித்து. இரண்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஓடுகிறவனுக்கு 12 நிமிடம் மிக நீளம்.

இந்த முன்பகுதி நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை எடுப்பவரே அலர்ட்டையும் அனுப்ப வேண்டியிருக்கும். அழைப்புகள் குவியும்போது அந்தத் திரையைத் திறக்க அவருக்குக் கை இருக்காது. லாகின் செய்யக் கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீடு, பணியில் இல்லாத ஒருவரின் போனுக்குப் போகும். வாசகத்துக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், அவர் போனை எடுக்க மாட்டார். தீர்வு கடினமில்லை: இடம் மட்டும் நிரப்ப வேண்டிய முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகங்கள், முதல் செய்தியை யாரையும் கேட்காமல் அனுப்பும் அதிகாரம் ஷிப்ட் பொறுப்பாளருக்கு, எப்போதும் லாகின் ஆகியே இருக்கும் ஒரு தனிக் கணினி. விவரம் இரண்டாவது செய்தியில் வரட்டும்.

இனி எஸ்எம்எஸ். நீண்ட எஸ்எம்எஸ் துண்டு துண்டாகப் பிரிந்து போகும். ஆங்கிலத்தில் ஒரு துண்டுக்கு 160 எழுத்து; அதற்கு மேல் நீண்டால் துண்டுக்கு 153 ஆகக் குறையும். வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி ஒன்று, அல்லது ஓர் இமோஜி நுழைந்தால் போதும், முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, வரம்பு 70 எழுத்தாகிவிடும். 150 எழுத்துச் செய்தி ஒரே துண்டில் போக வேண்டியது, மூன்றாக உடையும். 30,000 பேருக்கு மூன்று துண்டு என்றால் 90,000. ஷார்ட் கோடு எனப்படும் ஐந்து, ஆறு இலக்கக் குறு எண்களில் பரவலாகக் கிடைக்கும் வேகமான நொடிக்கு 100 துண்டு என்ற கணக்கில் அது 15 நிமிடம்; ஒரே துண்டாக இருந்தால் 5 நிமிடம். ஒரு குறி தின்ற நேரம் 10 நிமிடம்! சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து நொடிக்கு ஒன்று என்று அனுப்பினால் கணக்கே போட வேண்டாம். ஒப்பந்தம் போடும்போது நொடிக்கு எத்தனை துண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் சொல்லும் ‘செய்தி’ வேறு, கேரியர் (மொபைல் சேவை நிறுவனம்) எண்ணும் ‘துண்டு’ வேறு.

மின்னஞ்சலை முதல் வழியாக நம்பக் கூடாது. வெளி சர்வரிலிருந்து ஒரே நிமிடத்தில் பல்லாயிரம் மடல் கல்லூரி டொமைனுக்குள் வந்தால், ஸ்பேம் வடிகட்டி அதைத் தாக்குதல் என்று எண்ணித் தற்காலிகமாகத் திருப்பிவிடக்கூடும். மறுமுயற்சிக்குள் பல நிமிடம் போய்விடும். எங்கே தங்கியது என்று பார்க்க, மடலின் முழுத் தலைப்பை (ஹெடர்) திறந்து, மடல் கடந்த ஒவ்வொரு சர்வரும் நேரத்தோடு சேர்க்கும் ‘ரிசீவ்டு’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்; எந்த இரு வரிகளுக்கு இடையே நேரம் தாவுகிறதோ அங்கேதான் சிக்கல். நேர மண்டலத்தைக் கவனிக்காவிட்டால் இல்லாத தாமதமும் தெரியும். அனுப்பும் சர்வர்களின் ஐபி முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆப் அறிவிப்பு வேகமானது, ஆனால் நிபந்தனையோடு. ஆண்ட்ராய்டில் சாதாரண முன்னுரிமையோடு அனுப்பினால், அசையாமல் கிடக்கும் போன் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ‘டோஸ்’ நிலையில் அதைத் தள்ளிப்போடும். உயர் முன்னுரிமை கட்டாயம். ஐபோனில் சைலன்ட்டையும் மீறி ஒலிக்க ஆப்பிளின் தனி அனுமதி பெற்ற ‘கிரிட்டிக்கல் அலர்ட்’ வேண்டும். குரல் அழைப்பை விட்டுவிடலாம்: 500 லைன், அழைப்புக்கு 40 நொடி என்றால் 30,000 பேரை முடிக்க 40 நிமிடம். சைரன் வெளியில் நிற்பவருக்கு. வகுப்பறைக்குள் கேட்கும் என்று நம்ப வேண்டாம்.

போனுக்குப் போகும் வழிகளில் வரிசையில் நிற்காதது செல் பிராட்காஸ்ட் மட்டும்தான். டவர் எல்லைக்குள் இருக்கும், அந்த வசதியை அணைத்து வைக்காத எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போகும், பதிவு தேவையில்லை, 4ஜி போன்களில் 360 எழுத்து வரை. ஆனால் அனுமதி பெற்ற அமைப்புதான் அனுப்ப முடியும். பல கல்லூரிகள் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தைக் கேட்டாக வேண்டும். அந்த உடன்பாட்டை முன்பே போட்டு வையுங்கள்.

பயன்படுத்துவோர் பக்கமும் ஓட்டை உண்டு. சோதனைச் செய்தி தொல்லை என்று ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பியவருக்கு அந்த எண்ணிலிருந்து அதன் பின் எதுவும் வராது, உண்மையான அலர்ட்டும்கூட. அதே எண்ணுக்கு ‘ஸ்டார்ட்’ என்று அனுப்பினால் பொதுவாகத் திரும்பும். ஊரிலிருந்து போகும் மாணவர்கள் சேர்க்கையின்போது கொடுத்த இந்திய எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க சிம் வாங்கிய அன்றே போர்ட்டலில் மாற்றுங்கள். ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டம் பெற்றோர் எண்ணுக்கானது. அலர்ட் பெறும் எண்ணுக்குப் பெரும்பாலும் வேறு கட்டம் இருக்கும்.

சோதனைகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே அறிவித்து நடக்கின்றன, அதனால் மனிதத் தாமதத்தை அளப்பதே இல்லை. அனுப்புபவருக்குச் சொல்லாமல், ஒரு பொய்யான சூழலைத் தொலைபேசியில் கொடுத்து, அங்கிருந்து ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். அலர்ட் வாசகத்தில் மட்டும் ‘சோதனை’ என்ற சொல் தவறாமல் இருக்கட்டும். மூன்று கேரியர்களின் போன்களை அடித்தள ஆய்வகம், நூலகம், விடுதி என்று வைத்து வந்த நேரத்தைக் குறியுங்கள். சராசரியைப் பார்த்து மகிழ வேண்டாம், கடைசிப் போனுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் அனுப்பிய நேரமும் வரிசை எண்ணும் போடுங்கள்: நெரிசலில் செய்திகள் முறை மாறி வரும், ‘ஆபத்து நீங்கியது’ முதலில் வந்து ‘ஒளிந்துகொள்ளுங்கள்’ பின்னால் வரும்.