பின்பக்கம் தொய்ந்த மஸ்டாங்: வளைவு ஏற்றுவதா, பட்டை சேர்ப்பதா, செட்டையே மாற்றுவதா?

பின்னால் லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) உள்ள பழைய மசில் காரின், அதாவது சக்திவாய்ந்த அமெரிக்கக் காரின், வால்பக்கம் தாழ்ந்துவிட்டால் ஐந்தாறு வைத்தியங்கள் வரிசைகட்டும். நீள ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் தகடு) போடலாம், காற்றடைத்து உயர்த்தும் ஏர் ஷாக் மாட்டலாம், கூடுதலாக ஒரு பட்டை சொருகலாம், பழைய பட்டைக்கே வளைவு ஏற்றலாம், புது செட் வாங்கலாம். விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கார் எதை இழந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இங்கே எடுத்துக்கொள்வது 1965 முதல் 1970 வரையிலான ஃபோர்டு மஸ்டாங். முதல் தலைமுறை கமாரோவுக்கும் டாட்ஜ், பிளிமத் கார்களுக்கும் பெரும்பாலும் இதே நியாயம்தான். போன்டியாக் ஜிடிஓவிலும் செவல்லிலும் பின்னால் காயில் ஸ்பிரிங், ஆகவே அவை இந்தக் கணக்கில் வராது.

தொய்ந்த ஸ்பிரிங்கை 'இளகிப்போச்சு' என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. பட்டையின் விறைப்பைத் தீர்மானிப்பவை அதன் தடிமன், அகலம், நீளம், எஃகின் தன்மை. துரு ஆழமாகத் தின்றிருந்தால் தவிர, ஐம்பது வருடத்தில் இவை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வளைவு. பாரத்திலேயே நின்று நின்று எஃகு நிரந்தரமாகத் தளர்ந்து நேராகிவிடுகிறது. ஆக்சிலுக்கும் அது பாடியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்குகிறது, சின்னப் பள்ளத்திலேயே டமார் என்று இடிக்கிறது. இழந்தது வளைவு என்றால் திரும்பத் தர வேண்டியதும் வளைவுதான். ஒவ்வொரு வழியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அதற்கு முன் குற்றவாளி பின் ஸ்பிரிங்தானா என்று பார்க்க வேண்டும். கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், சமதளத்தில் நிறுத்தி, முன் கிராஸ்மெம்பரின் (குறுக்குச் சட்டத்தின்) நட்டநடுவில் ஒரே ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். சாய்வு அப்படியே இருந்தால் கோளாறு பின்னால். நிமிர்ந்துவிட்டால் முன் காயிலில். மஸ்டாங்கில் இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங்கின் முன்கண் (பட்டையின் முன்முனை சுருண்ட வளையம்) பூட்டியிருக்கும் சட்டப்பகுதி துருவில் இற்றுப்போயிருந்தால் எந்தப் புது ஸ்பிரிங்கும் உதவாது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, தகடு உள்வாங்கினால் முதலில் வெல்டிங் வேலை.

நீள ஷாக்கிளும் ஏர் ஷாக்கும் வளைவைத் தொடுவதே இல்லை. 2 அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஷாக்கிள் போட்டால் பாடி உயர்வது சுமார் 1 அங்குலம்தான், ஏனென்றால் ஆக்சில் இருப்பது ஸ்பிரிங்கின் நடுவை ஒட்டி. அதோடு ஸ்பிரிங் முழுவதும் பின்புறம் சரிவதால் பினியன் மூக்கு (ஆக்சிலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) ஏறத்தாழ 2 டிகிரி மேலே போகும். வேகத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வு வந்தால் காரணம் அங்கேதான். நீளத் தகடு பக்கவாட்டிலும் ஆடும். ஏர் ஷாக் இன்னும் மோசம். ஷாக்கின் மேல்முனை பூட்டுவது மெல்லிய தளத் தகட்டில். அது குலுக்கலை அடக்குவதற்கான இடம், காரைச் சுமப்பதற்கானது அல்ல. காலப்போக்கில் தகடு விரிசல் விடும். இரண்டு ஷாக்குக்கும் ஒரே காற்றுக்குழாய் என்றால் சாலைத் திருப்பத்தில் அழுத்தம் வாங்கும் பக்கத்திலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, கார் கூடுதலாகச் சாயும். இரண்டையும் பரிந்துரைக்க மாட்டோம்.

கூடுதல் பட்டை சேர்ப்பதில் உயரம் கிடைக்கும், அதோடு யாரும் கேட்காத விறைப்பும் வரும். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறுகிறது. தடிமன் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 33 சதவீதம் கூடும். தளர்ந்த பட்டைகளுக்கு நடுவே கூர்மையாக வளைந்த ஒற்றைப் புதுப் பட்டை நின்றால் அதன் நுனி உரசும் இடத்தில் தகைவு குவியும். மெயின் பட்டை (கண்கள் உள்ள நீளமான பட்டை) உடைந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எப்போதும் டிரெய்லர் இழுக்கும் காருக்கு இது பொருந்தலாம். வீதியில் ஓட்டும் காருக்கு வேண்டாம்.

பழைய பட்டைக்கு வளைவு ஏற்றுவது கொள்கையளவில் மிகச் சரியான வைத்தியம், நேரடியாக நோயையே தொடுகிறது. ஆனால் செய்முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பிரித்து, சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதம் செய்து தரும் பட்டறை என்றால் ஸ்பிரிங் புதிதுக்குச் சமம். குளிர்ந்த நிலையில் அழுத்தியோ சுத்தியால் அடித்தோ வளைத்துவிட்டு அப்படியே பூட்டினால் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும். காரின் அசல் ஸ்பிரிங்கையே காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கும் சேகரிப்பாளருக்கு இந்த வழி. பட்டைகளில் ஆழக்குழித் துரு இருந்தால் அவருக்கும் இல்லை, குழிதான் விரிசலின் விதை.

எஞ்சுவது புது செட். இங்கேதான் உண்மையான தேர்வு. அசல் மாதிரியான நான்கு பட்டை செட் மென்மையாக ஓடும். ஆறு சிலிண்டர் காருக்கும் நிதானமாக ஓட்டும் வி8 காருக்கும் இதுவே போதும். நாலரைப் பட்டை என்பது கடைசியில் ஒரு குட்டைப் பட்டை கூடியது, சற்றே விறைப்பு. நல்ல வி8 மஸ்டாங்குக்கு எங்கள் கை போவது இதற்குத்தான். ஐந்து பட்டை ரேஸ் ட்ராக்குக்கு. நகரத்துச் சாலையில் முதுகு நோகும். கண்ணின் இடத்தையும் பார்த்து ஆர்டர் கொடுங்கள். அசலில் கண் பட்டைக்கு மேல்புறம் சுருண்டிருக்கும். நடுக்கண் வகை காரைச் சுமார் 1 அங்குலம் இறக்கும், கீழ்நோக்கிச் சுருண்டது இன்னும் இறக்கும். தொய்வைச் சரிசெய்ய வாங்கிய ஸ்பிரிங் நடுக்கண்ணாக அமைந்துவிட்டால் எதிர்பார்த்த உயரம் வராது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

கமாரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1967 கமாரோக்கள் எல்லாவற்றிலும் ஒற்றைப் பட்டைதான். வேகமெடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு சக்கரம் துள்ளும். 1968இல் சக்திவாய்ந்த மாடல்களுக்குப் பல பட்டை வந்தது, ஷாக்குகளும் ஒன்று ஆக்சிலுக்கு முன்னே, மற்றது பின்னே என்று மாறின. ஒற்றையிலிருந்து பல பட்டைக்கு மாற்றினால் தகடு, ரப்பர், போல்ட் யாவும் அதற்குரியவையாக வேண்டும். டாட்ஜ், பிளிமத் உள்ளிட்ட கிரைஸ்லர் கார்களில் ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுவுக்கு முன்னே இருப்பதால் குட்டையான முன்பாதியே முறுக்கத்தைத் தடுக்கும். அவற்றின் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்கில் வலமும் இடமும் வேறு வேறு, மாற்றிப் பூட்டக் கூடாது.

எஃகுக்குப் பதில் ஃபைபர் (கண்ணாடியிழை) ஒற்றைப் பட்டை? 1981 கார்வெட்டின் ஆட்டோமேட்டிக் வகையில் அதை வைத்து ஏறத்தாழ 15 கிலோ குறைத்தார்கள். தொய்வு அநேகமாக இல்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் தடுப்பும் இல்லை என்பதால் நல்ல ஷாக் கட்டாயம், சைலன்சர் குழாயின் சூடும் அண்டக் கூடாது. பிற்பாடு ஒரு பட்டை கூட்டிக் குறைக்கவும் முடியாது.

புது செட் பூட்டுவதில் நேரத்தைத் தின்பது முன்கண் போல்ட். கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள்குழாயோடு அது துருவில் ஒட்டிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். வராவிட்டால் கண்ணின் இரு பக்கமும் ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் அறுத்துவிடலாம். கேஸ் கட்டர் வேண்டவே வேண்டாம்: மஸ்டாங்கின் பெட்ரோல் டேங்க்தான் பின்பெட்டியின் தரை, ஷாக்கிளுக்கு அருகிலேயே இருக்கிறது. காரை முன்கண்ணுக்கு முன்னே சட்டத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொடுங்கள். பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக் கூடாது. பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பீடத்துத் துளையில் முழுதாக அமர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஆக்சில் கோணும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு-போல்ட்டும் நட்டும் புதுசு மட்டுமே, ஒருமுறை இழுபட்டது மறுபடி பிடிமானம் தராது. வீதி காருக்கு ரப்பர் புஷ்ஷே நல்லது, பாலியூரிதேன் கிறீச்சிடும்.

முன்கண், ஷாக்கிள் நட்டுகளை முதலில் கைப்பிடியாக மட்டும் வையுங்கள். சக்கரம் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகுதான் தொழிற்சாலை கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி நின்று காரைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், சீக்கிரம் கிழியும். முதல் சில நூறு கிலோமீட்டரில் புது பட்டை கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு யு-போல்ட்டை மீண்டும் இறுக்கி, இரு பக்க உயரத்தையும் அளந்து, அப்போதும் வித்தியாசம் இருந்தால் மட்டுமே வேறு எதையாவது தொடுங்கள்.