பல் வெண்மையாக்கத்தை அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் உள்ள ஓர் அழகு நிலையத்தில், மணப்பெண் அலங்காரத்தோடு 4,500 ரூபாய்க்குப் பல்லையும் வெண்மையாக்கித் தருவதாகச் சொன்னதை நம்பி என் தங்கை பட்ட பாட்டை, கல்யாண ஏற்பாட்டில் இருக்கும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சொத்தைப் பல் உண்டா, ஈறில் புண் உண்டா என்று அங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரோ அளவோ எழுதாத குப்பியிலிருந்து எடுத்த பசையை ஈறிலும் படும்படி பூசி, நீல விளக்கை வைத்துவிட்டு, எரிகிறது என்று அவள் சொன்னபோது, "அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றிருக்கிறார்கள். அன்று மாலையே மேல் ஈறின் ஓரம் வெந்த தோல்போல் வெளுத்துவிட்டது. மறுநாள் பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் சுரீரென்று கூசியது. போதாக்குறைக்கு, பள்ளி நாட்களில் உடைந்து அடைத்த முன்பல்லின் முனை மட்டும் பழைய நிறத்திலேயே தனித்துத் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதே தராதவர்கள், ரசீது எங்கே என்று எங்களிடம் கேட்டார்கள்.

நாகர்கோவிலில் பார்த்த பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வெளுக்க வைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவிக் கறையின் நிறப்பொருளைச் சிதைக்கிறது. மருத்துவமனைகளில் 35 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ளதையும் பயன்படுத்துவதால், ஈறைக் காப்புப் பூச்சால் மூடிய பிறகே தொடங்குவார்கள். மருத்துவர் அளவெடுத்துத் தரும் அச்சில் ஊற்றி வீட்டில் பயன்படுத்தும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடோ ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். அடைப்பும் செயற்கை உறையும் எதனாலும் வெளுக்காது. ஈறுப் புண்ணும் கூச்சமும் சில நாட்களில் தணிந்துவிடும் என்றாலும், வெளுத்த பல்லில் புது அடைப்பு உடனே சரியாக ஒட்டாதென்பதால் இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார். கல்யாணமோ அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்தைத் தாண்டிய பசையைப் பல் மருத்துவர் வழியாகவே பெற முடியும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. நம் நாட்டிலும் பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. எலுமிச்சையும் சோடா உப்பும் தேய்ப்பது இதற்கு மாற்று ஆகாது. அந்தப் புளிப்பு எனாமலையே அரிக்கும்.

ஏற்கெனவே இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் ஈறின் நிலையையும் குப்பியையும் படமெடுத்து, மருத்துவரின் சீட்டையும் பணம் செலுத்திய விவரத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.