ஒரு கோரா, இரண்டு கோரா: பாவித்த கொம்பியூட்டர் வாங்கும் முன்

கோர் என்பது புரொசசருக்குள் கணிப்பு வேலையைச் செய்யும் பகுதி. இரட்டைக் கோர் புரொசசர் ஒற்றைக் கோரை வெல்லுமா என்று அறிய, கோர் எண்ணிக்கை தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாயிருக்கும் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2007இல் இன்டெல் வெளியிட்ட செலரோன் 420உம் பென்டியம் டூவல் கோர் இ2140உம் அதற்கு வாய்த்த சோடி. இரண்டும் 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கட்டமைப்பு, ஒரே எல்ஜிஏ 775 சொக்கட் (போர்டில் புரொசசர் பொருந்தும் இடம்), ஒரே 800 மெகாஹெர்ட்ஸ் பஸ் (மற்றப் பாகங்களோடு தரவு போய்வரும் பாதை). செலரோனில் ஒரு கோர், 512 கிலோபைட் கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம்), 35 வாட். பென்டியத்தில் இரண்டு கோர், அவை பகிர்ந்துகொள்ளும் 1 மெகாபைட் கேஷ், 65 வாட்.

இந்த இரண்டிலும் 31ஆம் நாள் நினைவுமலர் ஒன்றைப் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் தட்டிப் பக்கம் கட்டினால் வித்தியாசம் தெரியாது. அந்த வேலை ஒரே இழையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும் ஒரே வரிசையில், ஓடுவது. இரண்டாவது கோருக்குக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. சாமத்தியவீட்டு வீடியோவை ஏற்றுமதிக்கு (எடிட் செய்ததை முடிந்த கோப்பாக எழுதும் வேலைக்கு) போட்டுவிட்டு, அதே மெஷினில் ஃபோட்டோஷொப்பில் அல்பம் செய்யத் தொடங்குங்கள், அப்போதுதான் விளங்கும். ஒற்றைக் கோரில் மவுஸ் இழுபடும், பிரஷ் கோடு கைக்குப் பின்னால் வரும். இரட்டைக் கோரில் இரண்டும் ஓடும். வைரஸ்காப்பு பின்னணியில் தேடிக்கொண்டிருக்கும் எந்த வின்டோஸ் மெஷினிலும் இதே நிலைதான். ஆகவே ஒரே வேலைதான் செய்கிறேன் என்பவருக்கும் இரண்டாவது கோர் கொஞ்சம் உதவும்.

ஆனால் இரண்டு மடங்கு என்பது நடவாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் காட்டிய கணக்கு எளிது. 60 நிமிட ஏற்றுமதியில் 80 வீதத்தை இரண்டாகப் பிரிக்க முடிந்தால், பிரிக்க முடியாத 12 நிமிடமும் பாதியான 24 நிமிடமும் சேர்ந்து 36. பாதியைத்தான் பிரிக்க முடியுமென்றால் 45. ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தை எந்தக் கோரும் குறைக்காது.

வெவ்வேறு தலைமுறைகளைக் கிகாஹெர்ட்ஸால் ஒப்பிடுவதே பலரை ஏமாற்றுகிறது. 2005இல் வந்த பென்டியம் டி 820 இரண்டு கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டின் பென்டியம் 4 670 ஒரு கோர், 3.8 கிகாஹெர்ட்ஸ். ஒரே இழை வேலையில் பென்டியம் 4தான் முந்தும். அடுத்த ஆண்டு வந்த கோர் 2 டுவோ இ6300 வெறும் 1.86 கிகாஹெர்ட்ஸில் 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ ஒற்றை வேலையிலும் விஞ்சும். அதற்குக் காரணம் இரண்டாவது கோர் அல்ல, ஒவ்வொரு துடிப்பிலும் (கிகாஹெர்ட்ஸ் எண்ணுவது இந்தத் துடிப்பைத்தான்) அது கூடுதலான வேலையை முடிப்பதுதான். பென்டியம் டியும் கோர் 2 டுவோவும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் பின்னதை எடுங்கள்.

வாங்கும்போது டாஸ்க் மனேஜரில் இரண்டு வரைபடம் தெரிகிறது என்று நம்பிவிட வேண்டாம். 2002 இறுதியிலிருந்து வந்த ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரையே வின்டோஸுக்கு இரண்டாகக் காட்டும் நுட்பம்) உள்ள பென்டியம் 4களும் இரண்டு காட்டும், உள்ளே இருப்பது ஒரு கோர். புரொசசர் விவரம் காட்டும் சிபியூ-இசட் (CPU-Z) மென்பொருளைத் திறந்து 'கோர்ஸ்' எண்ணைப் பாருங்கள்; கோர் 1, த்ரெட் (இழை) 2 என்றிருந்தால் அது ஒற்றைக் கோர். உங்கள் சொந்த வேலைக்கு இரண்டாவது கோர் எவ்வளவு உதவுகிறது என்று அளக்க, வின்டோஸ் 7இல் எம்எஸ்கொன்ஃபிக் (msconfig), பூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் சென்று புரொசசர் எண்ணிக்கையை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்து அதே கோப்பை ஏற்றுமதி செய்து நேரம் பாருங்கள். முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் மெஷின் ஒற்றைக் கோராகவே கிடக்கும்.

இருக்கும் மதர்போர்டில் புரொசசரை மட்டும் மாற்ற நினைத்தால், சொக்கட் பொருந்துவது போதாது. 915 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சில்லுகள்) உள்ள போர்டுகள் எல்ஜிஏ 775 ஆனாலும் பென்டியம் டியை ஏற்கா. 945 போர்டுகள் ஏற்கும். கோர் 2 டுவோவை அவற்றில் சிலதான் ஏற்கும். போர்ட் தயாரிப்பாளரின் பட்டியலில் மொடல் எண் இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள். பயோஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) புதுப்பிப்பைப் பழைய புரொசசர் இருக்கும்போதே செய்யுங்கள், யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். மாற்றிய பின்னும் வின்டோஸ் எக்ஸ்பி சிலவேளை ஒரு கோரை மட்டும் பாவிக்கும். டிவைஸ் மனேஜரில் 'கொம்பியூட்டர்' கிளையில் யூனிபுரொசசர் (ஒற்றைப் புரொசசர்) என்றிருந்தால் காரணம் அதுதான். எக்ஸ்பியைப் புதிதாக நிறுவுவதே சுத்தமான தீர்வு.

1 கிகாபைட் ராமுடன் இருக்கும் மெஷினுக்கு இந்தச் செலவு எதுவும் முதலில் தேவையில்லை. முதலில் ராமைக் கூட்டுங்கள்.

கடைசியாக, சூடு. கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் ஹீட்சிங்கில் (புரொசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டில்) படிந்தால் புரொசசர் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கும், 130 வாட் பென்டியம் டி 840 போன்றவை மிக விரைவில். புரொசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள பழைய பேஸ்டை முழுதாகத் துடைத்து, நெல்மணி அளவு புதிதாக வையுங்கள். எல்ஜிஏ 775 கூலரின் நான்கு ஊசிகளையும் மூலைக்கு மூலை எதிராக, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒன்று பூட்டாமல் நிற்பதுதான் வழமையான பிழை. போர்டின் பின்பக்கம் நான்கு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.