சொந்த சர்வர்களுக்குக் கிளவுடில் பேரிடர் மீட்பு: ஏடபிள்யூஎஸ்ஸா, அஷூரா?

சிங்கப்பூரின் தை செங் பக்கம் வாடகை ரேக்கில் பதினைந்து இருபது சர்வர் ஓடுகிறது. இரண்டாவது தரவு நிலையம் எடுக்கப் பணம் இல்லை. ஆனால் வாடிக்கையாளரோ தணிக்கையாளரோ, "இது படுத்துவிட்டால் எத்தனை மணி நேரத்தில் எழுப்புவீர்கள்?" என்று எழுத்தில் பதில் கேட்கிறார். சிங்கப்பூரில் நடுத்தர நிறுவனங்களின் ஐடி பிரிவுகள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன. அப்போது மேசைக்கு வருகிற பெயர்கள் பெரும்பாலும் இரண்டு: ஏடபிள்யூஎஸ் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெகவரி, அஷூர் சைட் ரெகவரி. சுருக்கமாக டிஆர்எஸ், ஏஎஸ்ஆர். நாங்கள் எடுத்தது டிஆர்எஸ். எங்கள் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்பதால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பராமரிப்புதான் அந்த முடிவைத் தீர்மானித்தது. அதைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறேன்.

அடிப்படை வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சர்வருக்குள் ஓர் ஏஜென்ட் இருந்துகொண்டு, டிஸ்கில் எழுதப்படும் மாற்றங்களைக் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே டிஸ்க் நகல்கள் மட்டும் காத்திருக்கும். தேவை வரும்போது அவற்றிலிருந்து முழு சர்வர் எழும். சிங்கப்பூர் நாணய ஆணையம் நிதி நிறுவனங்களின் முக்கிய அமைப்புகளுக்கு வைத்திருக்கும் 4 மணி நேர மீட்பு எல்லையை, ஒழுங்காக அமைத்தால் இரண்டுமே தொடும். இரண்டுக்கும் சிங்கப்பூரிலேயே ரீஜன், அதாவது தரவு நிலையத் தொகுதி, இருக்கிறது. தரவு எல்லை தாண்டாது என்பதால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கேட்கும் ஏற்பாடுகளுக்கு வேலை வராது. ஜகார்த்தாவையோ மலேசியாவையோ ஹாங்காங்கையோ மீட்பு இடமாக எடுத்தால் அந்தக் கோப்பையும் திறக்க வேண்டியிருக்கும்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியிடப்பட்ட கட்டணப்படி டிஆர்எஸ் ஒரு சர்வருக்கு மணிக்கு 0.028 அமெரிக்க வெள்ளி, மாதம் சுமார் 20. ஏஎஸ்ஆர் மாதம் 25 அமெரிக்க வெள்ளி, முதல் 31 நாள் இலவசம். இதற்கு மேல் டிஸ்க், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து டிஸ்க் நிலையின் பதிவு) செலவு தனி. 500 ஜிபி டிஸ்கில் 80 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் மறுபக்கம் 500 ஜிபி டிஸ்குக்கே பில் வரும். ஆகவே நிறுவுவதற்கு முன் வீங்கிக் கிடக்கும் டிஸ்குகளைச் சிறிதாக்குங்கள். விலை பேசி மிச்சப்படுத்துவதைவிட அதில் அதிகம் மிஞ்சும்.

நிறுவும்போது

டிஆர்எஸ்ஸுக்கு உங்கள் ரேக்கில் தனி இயந்திரம் எதுவும் தேவையில்லை. சிங்கப்பூர் ரீஜனில் சேவையைத் தொடங்கி, ஸ்டேஜிங் சப்நெட் ஒன்றை, அதாவது நகல்கள் வந்து சேரும் நெட்வொர்க் பகுதியை, காட்ட வேண்டும். நகல் வாங்கும் சர்வர்களை அதுவே டி3.ஸ்மால் என்ற சிறிய சர்வர் அளவில் அந்தச் சப்நெட்டில் எழுப்பிக்கொள்ளும். பிறகு ஏஜென்ட் நிறுவும் அனுமதி மட்டும் உள்ள தற்காலிகச் சாவியோடு ஒவ்வொரு சர்வரிலும் இன்ஸ்டாலரை ஓட்டினால் போதும். லினக்ஸில் ரூட் பகுதியில் குறைந்தது 2 ஜிபி காலியிடம் வேண்டும்.

முதல் நாளே இடறுவது போர்ட்டில்தான். கட்டளைப் போக்குவரத்து 443இல் போகும். தரவு 1500இல் போகும். ஃபயர்வால்காரர் 443ஐத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். இன்ஸ்டாலர் வெற்றி என்று சொல்லும், கன்சோலிலும் சர்வர் தெரியும், ஆனால் முதல் ஒத்திசைவு நகரவே நகராது. ஸ்டேஜிங் சப்நெட்டிலிருந்தும் வெளியே 443 திறந்திருக்க வேண்டும். அதை மறப்பவர்களும் உண்டு. நடுவில் எஸ்எஸ்எல் ஆய்வு செய்யும், அதாவது மறையாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து பார்க்கும், கருவி இருந்தால் இந்த முகவரிகளுக்கு விலக்குக் கொடுங்கள்.

இணைப்பு வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2 டிபி தரவை 200 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்பக் கணக்குப்படி 22 மணி நேரம் ஆகும். அலுவலக நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அன்றாட மாற்றம் 60 ஜிபி என்றால் சராசரி 6 எம்பிபிஎஸ்கூட வராது. ஆனால் சராசரி ஏமாற்றும். இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் டம்ப் அதே டிஸ்கில் விழுந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் நகல் பின்தங்கிப் போகும். டம்ப்புகளைத் தனி டிஸ்குக்கு மாற்றி, அந்த டிஸ்கை நகலெடுப்பிலிருந்து விலக்குங்கள். இரண்டு மென்பொருளிலும் இது முடியும்.

ஏஎஸ்ஆரின் வழி வேறு. விஎம்வேர் (மெய்நிகர் சர்வர்) சூழலில் முதலில் ஒரு ரெப்ளிகேஷன் அப்ளையன்ஸ், அதாவது நகல்களை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர், வேண்டும்: 8 சிபியு, 32 ஜிபி நினைவகம், விண்டோஸ் சர்வர். சர்வர்களில் உள்ள மொபிலிட்டி ஏஜென்ட் 443, 9443 வழியாக இதனிடம் பேசும். இது அஷூருக்கு அனுப்பும். விஎம்வேரை நிர்வகிக்கும் விசென்டரின் கணக்கையும் சர்வர்களின் கணக்குகளையும் கொடுத்துவிட்டால் ஏஜென்டை இங்கிருந்தே எல்லா சர்வருக்கும் தள்ளலாம் என்பது நல்ல வசதி. ஆனால் அந்த அப்ளையன்ஸுக்கும் மாதாமாதம் பேட்ச் போட வேண்டும், டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றால் அதன் வழியாகப் போகும் அத்தனை சர்வரின் நகலும் நிற்கும்.

கெர்னல்

ஏஜென்ட் என்பது சாதாரண நிரல் அல்ல. டிஸ்கில் எழுதப்படுவதைப் பிடிக்க அது கெர்னலுக்குள் ஒரு டிரைவரை நுழைக்கிறது. கெர்னல் மாறினால் டிரைவரும் அதற்குப் பொருந்த வேண்டும்.

ஏஎஸ்ஆர் இதற்கு மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே தயாரித்த டிரைவர்களோடு வருகிறது. எந்த விநியோகம், எந்தப் பதிப்பு, எந்தக் கெர்னல் எண் வரை என்று நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் கெர்னல் அதில் இல்லையென்றால் நகலெடுப்பு நடக்காது. புதிய கெர்னல் வந்த 15 நாளுக்குள் ஹாட்ஃபிக்ஸ் (இடையில் வரும் சிறு திருத்தம்) வழியாக ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இது முன்பைவிட எவ்வளவோ மேல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தப் பதினைந்து நாளும், பிறகு ஏஜென்டைப் புதுப்பிக்கும் நாளும் சேர்ந்து ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருக்கிறது.

அந்த இடைவெளியில்தான் சிக்கல். நாணய ஆணையத்தின் சைபர் ஹைஜீன் அறிவிக்கை 2020 ஆகஸ்ட் 6 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புப் பேட்ச்களை அபாயத்துக்கேற்ற கால எல்லைக்குள் போட வேண்டும் என்கிறது. நீங்கள் நிதி நிறுவனம் இல்லையென்றாலும் உங்கள் வாடிக்கையாளர் நிதி நிறுவனமாக இருந்தால் இதே நிபந்தனை ஒப்பந்தத்தில் வந்துவிடும். கடுமையான கெர்னல் ஓட்டை ஒன்று வெளிவந்த வாரத்தில், பேட்ச் போட்டால் பேரிடர் மீட்பு நிற்கும், போடாவிட்டால் ஓட்டை திறந்தே இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தணிக்கையில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். நாங்கள் அந்த இடத்துக்குப் போக விரும்பவில்லை.

டிஆர்எஸ்ஸின் இன்ஸ்டாலர், அந்த நேரத்தில் ஓடுகிற கெர்னலுக்கான டிரைவரை அந்தச் சர்வரிலேயே கட்டிக்கொள்கிறது. இதற்கும் ஆதரவுப் பட்டியல் உண்டு; ஆனால் ஒவ்வொரு கெர்னல் எண்ணையும் பெயர் சொல்லிக் காத்திருக்க வைப்பதில்லை. ஈடாக உங்கள் பக்கம் ஒரு பொறுப்பு வருகிறது: ஓடும் கெர்னலின் எண்ணும், டிரைவரைக் கட்டத் தேவையான ஹெட்டர் தொகுப்பின் எண்ணும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும். உபுண்டுவில் லினக்ஸ்-ஹெட்டர்ஸ், ரெட் ஹாட்டில் கெர்னல்-டெவல். இணையம் இல்லாத சர்வரில் இன்ஸ்டாலர் அவற்றைத் தானாக இறக்க முடியாமல் தோற்கும். ஆகவே அவற்றையும் ஜிசிசி, மேக் ஆகிய கட்டும் கருவிகளையும் உள்ளூர்க் களஞ்சியத்தில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளானாலும் ஒரு பொறி பொதுவானது. உபுண்டுவில் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தல் இயங்கினால் புதிய கெர்னல் இரவோடு இரவாக இறங்கிவிடும். ரீபூட் செய்யும் வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் கழித்து யாரோ வேறொரு காரணத்துக்காக ரீபூட் செய்வார். புதிய கெர்னல் எழும், டிரைவர் பொருந்தாது, நகல் நிற்கும். மூன்று வாரம் முன்பு நடந்ததையும் இன்று நின்றதையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் கெர்னல் தொகுப்புகளைத் தானியங்கிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மாதப் பேட்ச் நாளில் கையால் ஏற்றுகிறோம். வரிசை இதுதான்: கெர்னலும் ஹெட்டரும் சேர்த்து ஏற்றுவது, ரீபூட், ஏஜென்ட் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுவது, பின்னடைவு பூஜ்யத்துக்கு வரும் வரை கன்சோலைப் பார்ப்பது. மறுபடி ஓட்டிய பிறகு டிஸ்க் முழுவதையும் சரிபார்ப்பதற்காகப் படிக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இதைச் சனிக்கிழமை இரவில் வைப்பது நல்லது. ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில், நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் லேக் டியூரேஷன் என்ற அளவீட்டுக்கு 15 நிமிட எல்லையில் எச்சரிக்கை வையுங்கள். இது இல்லாமல் டிஆர்எஸ் நிறுவியிருந்தால் இன்றே வையுங்கள்.

விண்டோஸ் சர்வர்களில் இந்தத் தலைவலி கிடையாது. உங்கள் சர்வர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் என்றால் என் வாதத்தின் பாதி எடை போய்விடும். அப்போது ஏஎஸ்ஆரை முதலில் பாருங்கள். அதன் ரெகவரி பிளான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது: முதலில் டேட்டாபேஸ், பிறகு அப்ளிகேஷன், பிறகு வெப் என்று குழு பிரித்து, நடுவில் ஸ்கிரிப்டும் செருகலாம். டிஆர்எஸ்ஸில் அந்த வரிசையை நாங்களே ஸ்கிரிப்ட் எழுதி நடத்துகிறோம்.

ஒத்திகையில் உடைபவை

2023 அக்டோபர் 14 அன்று இங்கே ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டல் பழுதாகி இரண்டு வங்கிகளின் சேவைகள் முடங்கின. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது; மாறும்போது ஒன்றில் நெட்வொர்க் அமைப்புத் தவறும் மற்றொன்றில் இணைப்புச் சிக்கலும் தடுத்தன. நகல் பச்சை நிறத்தில் தெரிவதும் சேவை எழுவதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சிறிய அளவிலும் அதேதான். புதிய ஏடபிள்யூஎஸ் கணக்கில் சிபியு வரம்பு மிகக் குறைவாக இருக்கும். பதினைந்து சர்வரை ஒன்றாக எழுப்பினால் மூன்றாவதோ நான்காவதோ வரம்பில் முட்டி நிற்கும். வரம்பை உயர்த்தும் விண்ணப்பத்தைப் பேரிடர் நாளில் போட முடியாது. அடுத்தது எஃப்எஸ்டேப், லினக்ஸ் எந்த டிஸ்கை எங்கே ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கோப்பு. டிஸ்குகளை எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயரால் ஏற்றியிருந்தால் கிளவுடில் பெயர் என்விஎம்இ என்று மாறி, சர்வர் அவசர நிலை முனையத்தில் போய் நிற்கும். எல்லாவற்றையும் யுயுஐடிக்கு (மாறாத அடையாள எண்ணுக்கு) மாற்றுங்கள். ஒரு சர்வருக்கு ஐந்து நிமிட வேலை. மூன்றாவது, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழும் டிஸ்க் முதல் வாசிப்பில் மெதுவாக இருக்கும், ஏனென்றால் பிளாக்குகள் கேட்கக் கேட்கத்தான் பின்னாலிருந்து வந்து சேரும். இருபது நிமிடத்தில் எழுந்த டேட்டாபேஸ் இயல்பு வேகத்துக்கு வர இன்னும் நேரம் எடுக்கும். உங்கள் மீட்பு நேரக் கணக்கில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒத்திகையை உற்பத்தி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத தனி விபிசியில் (கிளவுடுக்குள் பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) நடத்துங்கள். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரின் நகல் அசலைப் பார்த்துவிட்டால் வரும் குழப்பத்தை அவிழ்க்க நாள் கணக்காகும்.

இவை இரண்டுமே வேண்டாம், வீம் போன்ற பேக்கப்பைக் கிளவுடில் வைத்து அங்கேயே மீட்டால் போதாதா என்றால், ஒரு நாள் வரை காத்திருக்க முடிகிற சர்வர்களுக்குத் தாராளமாகப் போதும். நகலெடுப்பு இருந்தாலும் பேக்கப்பை விடக்கூடாது. ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளையும் ஏஜென்ட் உண்மையாகவே நகலெடுத்து அனுப்பும். டிஆர்எஸ் இயல்பாக 7 நாள் வரை பின்னோக்கிய புள்ளிகளை வைத்திருக்கிறது, 365 நாள் வரை நீட்டலாம். ஏஎஸ்ஆரில் உச்சம் 15 நாள். இரண்டுக்கும் அப்பால், அழிக்க முடியாத பேக்கப் ஒன்று தனிக் கணக்கில் இருக்கட்டும்.

திரும்பி வருவது பற்றி, அதாவது ரேக் சரியான பிறகு கிளவுடிலிருந்து மறுபடி சொந்த சர்வருக்கு மாறுவது பற்றி, நடுத்தர அளவு சர்வர்களில் செய்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பல டிபி டேட்டாபேஸுக்கு என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம். டிஆர்எஸ்ஸில் உள்ளூர் சர்வரை ஃபெயில்பேக் கிளையன்ட் (திரும்பி வருவதற்கான மென்பொருள்) ஐஎஸ்ஓவில் பூட் செய்து சாவி கொடுத்தால் தரவு தலைகீழாக வரத் தொடங்கும். மெய்நிகர் அல்லாத தனி இயந்திரச் சர்வருக்கும் இது பொருந்தும். ஏஎஸ்ஆரில் தனி இயந்திரமாக இருந்தது விஎம்வேர் சர்வராகத்தான் திரும்பும். விஎம்வேர் உரிமத்தை விட்டு வெளியேறும் திட்டம் இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள். ஏடபிள்யூஎஸ் சிங்கப்பூரிலிருந்து வெளியே வரும் தரவுக்கு ஜிபிக்கு 0.12 அமெரிக்க வெள்ளி என்பதால் 2 டிபி திரும்ப எடுக்கச் சுமார் 240 அமெரிக்க வெள்ளி ஆகும். தொகை சிறிதுதான், ஆனால் மீட்பு வரவுசெலவுத் தாளில் அந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.